பள்ளத்தில் ஒரு சென்சார்: கொங்கு ஓடைகளை ஊரே அளந்தால் என்ன தெரியும்?

ஆர்ஓ மெஷின் விற்க வருகிறவர் பையிலிருந்து முதலில் எடுப்பது டிடிஎஸ் மீட்டரைத்தான். பேனா அளவு இருக்கும். குழாய்த் தண்ணீரில் விட்டதும் 1,400, 1,800 என்று ஓர் எண் வரும், வீட்டுக்காரர் முகம் மாறும், பேரம் ஆரம்பமாகும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இந்தப் பேனா நுழையாத தெரு குறைவு. சிறுவாணித் தண்ணீர் என்றால் எண் 100-க்குள் நின்றுவிடும், போர்த் தண்ணீர் என்றால் பல இடங்களில் ஆயிரத்தைத் தாண்டிவிடும் என்பது இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அந்தப் பேனாவின் முனையில் இரண்டு சிறிய உலோக முனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. கரைந்த உப்பு கூடினால் கடத்துதிறனும் கூடும். அளந்ததை 0.5 முதல் 0.7 வரை ஏதாவது ஓர் எண்ணால் பெருக்கி, ‘டிடிஎஸ்’ என்று, அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் பொருள் கரைந்திருக்கிறது என்று, திரையில் போடுகிறார்கள். இதே முறையில் வேலை செய்யும் சென்சார் ஒன்றை ஓடையிலேயே (நம் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றும் சொல்வோம்) பொருத்திவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவெடுத்து, சிம் கார்டு வழியாக இணையத்துக்கு அனுப்ப முடியும். அரசு ஊழியர்களோ விஞ்ஞானிகளோ அல்லாத ஊர்க்காரர்கள் உலகில் பல இடங்களில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் செய்தால் என்ன கிடைக்கும்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றவாளி யார் என்று சென்சார் சொல்லாது. எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். நம் ஓடைகள் விஷயத்தில் இன்று யார் கையிலும் இல்லாத தகவல் அதுதான்.

உப்பின் கதை

திருப்பூர்ப் பனியன் துணிக்கு ஏற்றுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். பருத்தி இழையும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும்; இரண்டிலும் எதிர்மின்னேற்றம். அந்த விலகலை அடக்கிச் சாயத்தை இழையோடு ஒட்டவைக்கச் சாதாரண உப்பையோ கிளாபர் உப்பையோ லிட்டருக்குப் பல பத்துக் கிராம் கணக்கில் கொட்ட வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியில் ஏறிவிடுகிறது. உப்பு ஏறுவதில்லை, போட்டது அப்படியே கழிவுநீரோடு வெளியே வருகிறது. நிறத்தை ரசாயனம் போட்டு நீக்கலாம். கரிமக் கழிவை பாக்டீரியாக்களை விட்டுத் தின்ன வைக்கலாம். கரைந்த உப்பிடம் இந்த இரண்டு வித்தையும் பலிக்காது. சவ்வு வழியாக அழுத்திப் பிரித்து, மிஞ்சியதை ஆவியாக்கி உப்பாக எடுக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை. இரவில் ஓடைப்பக்கம் மடையைத் திறந்துவிடும் ஆசை வருவதும் இந்தச் செலவால்தான்.

வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யல் இந்த உப்பைப் பல ஆண்டுகள் சுமந்தது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் 10,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காக ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயத்தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடும் விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீரே வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்கள் சொன்னது இந்த அணைக்கு. அவர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரியில் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகுதான் பூஜ்யக் கழிவு வெளியேற்றம் என்ற முறை நடைமுறைக்கு வந்து, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

இந்த வரலாறு சென்சாருக்கு ஒரு வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது. வேறு ஊர்களில் ‘அனுமதித்த அளவைவிட அதிகமாக விட்டார்களா’ என்று வாதாட வேண்டும். இங்கே அனுமதித்த அளவே பூஜ்யம். ஆகவே திருப்பூரின் ஜம்மனை ஓடையிலோ நல்லாற்றிலோ நடுராத்திரியில் திடீரென்று உப்பு ஏறி இறங்கினால், அதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அரசு அளக்காமல் இல்லை. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் குறிப்பிட்ட இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுக்கிறது. பெரும்பாலும் மாதம் ஒருமுறை, பகலில். மத்திய வாரியம் 2018-ல் நாடெங்கும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டில் இடம்பெற்ற 6 பகுதிகளில் காவிரி, பவானி, திருமணிமுத்தாறு, சரபங்கா ஆகியவை நம் பக்கத்து ஆறுகள். அப்படிப் பட்டியல் போட மாதாந்திர அளவு போதும். பள்ளத்தில் அதிகாலை 2 மணிக்கு விட்ட தண்ணீரைப் பிடிக்கப் போதாது. பகலில் கடையைப் பார்வையிட்டுவிட்டு இரவில் திருட்டு நடக்கவில்லை என்று எழுதிக்கொடுப்பது மாதிரிதான் அது. இன்னொரு ஏற்பாடும் உண்டு: அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தங்கள் வெளியேற்றத்தைத் தொடர்ந்து அளக்கும் கருவியைப் பொருத்தி வாரியத்தோடு இணைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய வாரியம் உத்தரவிட்டது. ஆனால் அந்தக் கருவிகள் இருப்பது கேட்டுக்கு உள்ளே. அனுமதியே வாங்காமல் சந்துக்குள் பட்டன், ஜிப்புக்குச் சாயம் போடும் சிறு பட்டறைக்கு ஏது கருவி? கேட்டுக்கு வெளியே ஓடும் ஓடையை அளக்க ஆளில்லை.

பென்சில்வேனியாவில் செய்தது

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்ட்ரவுட் நீர் ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் ‘மேஃப்ளை’ என்ற பெயரில் ஒரு சிறிய மின்பலகையை வடிவமைத்தார்கள். மாணவர்கள் புராஜெக்டுகளுக்குப் பயன்படுத்தும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் வகையைச் சேர்ந்தது, வடிவமைப்பு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்டது. சூரியத் தகடு, மின்கலம், நினைவட்டை, செல்போன் மோடம், ஓடைக்குள் இறங்கும் சென்சார்கள்: தண்ணீரின் ஆழம், வெப்பம், கடத்துதிறன், கலங்கல். டெலவேர் ஆற்றுப்படுகை நெடுகிலும் தன்னார்வலர்கள் இவற்றைப் பராமரிக்கிறார்கள். பெயரும் பொருத்தமானது. மேஃப்ளை என்பது சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த ஓடையில் கல்லுக்கடியில் வளரும் பூச்சி. தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல்போகும் கூட்டத்தில் அதுவும் ஒன்று.

அந்த ஊர்க்காரர்களின் பெரிய தலைவலிகளில் ஒன்று, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு. பனி உருகியதும் அது ஓடைக்குப் போகிறது; வரைபடத்தில் கடத்துதிறன் ஊசியாய் எழும்புகிறது. நமக்குப் பனியும் இல்லை, சாலையில் உப்பும் இல்லை. ஆனால் அங்கே சாலை உப்பைப் பிடித்துக்கொடுக்கும் அதே சென்சார் இங்கே சாய உப்பையும் பிடிக்கும். ஓடை கண்காணிப்பு என்றதும் விலை உயர்ந்த பல்வேறு சென்சார்களை அடுக்கிப் பட்டியல் போடுகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான்: கொங்கு நாட்டுக்கு முதலில் வேண்டியது கடத்துதிறனும் தண்ணீர் மட்டமும். மற்றவை அப்புறம்.

வரைபடத்தை எப்படி வாசிப்பது

கடத்துதிறனை மைக்ரோசீமன்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். பாசனத்துக்கு ஆகும் ஆற்றுநீருக்கு மத்திய வாரியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமன்ஸ். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த பொருட்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது.

இந்த வரம்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனால் ஏமாந்து திரும்புவோம். நம்முடையது கடினப்பாறை நாடு. ஆலையே இல்லாத கிராமத்துக் கிணறுகளிலும் உப்புத்தண்ணீர் உண்டு. அந்தப் போர்த் தண்ணீரில் குளித்து, துவைத்து, சாக்கடையில் விட்டால் சாக்கடையின் எண்ணும் அதற்குக் குறையாது. கூடவே வீட்டு ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீர், கேன் தண்ணீர் கம்பெனிகளின் கழிவு. ஆகவே ஓர் ஓடை எப்போதும் 2,000-ல் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து எந்தப் பட்டறை மீதும் பழி போட முடியாது. எண்ணின் உயரத்தைவிட அது எழும்பி இறங்கும் விதம்தான் பேசும்.

வீட்டுக் கழிவுநீருக்கு ஒரு தினசரி ஓட்டம் இருக்கிறது. காலையில் தண்ணீர் மட்டம் ஏறும், மதியம் தணியும், சாயங்காலம் மீண்டும் சிறிது ஏறும், நள்ளிரவில் அடங்கும். இரண்டு வாரம் விடாமல் பதிவெடுத்தால் இந்த ஏற்றஇறக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு இந்த ஓட்டத்தில் சேராத எதுவும் துருத்திக்கொண்டு தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடையில் விநாடிக்கு 100 லிட்டர் தண்ணீர், 1,500 மைக்ரோசீமன்ஸ். ஒரு டேங்கர் லாரி 12,000 லிட்டரை 20 நிமிடத்தில் கொட்டுகிறது. அதாவது விநாடிக்கு 10 லிட்டர். அதன் கடத்துதிறன் 20,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கலந்தால் ஓடையின் எண் ஏறத்தாழ 3,180 ஆகும். இருமடங்குக்கும் மேல், ஆனால் வெறும் 20 நிமிடத்துக்கு. மணிக்கொரு முறை அளக்கும் கருவியாக இருந்தால் பெரும்பாலும் இதைக் கோட்டை விட்டுவிடும். கால் மணிக்கொரு முறை என்றால் ஒன்றோ இரண்டோ புள்ளிகள் அகப்படும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏறியதும் இறங்கியதும் முழுதாகவே தெரியும், ஆனால் மின்கலம் சீக்கிரம் தீரும். இடைவெளியைத் தீர்மானிக்கும்போது, நாம் பிடிக்க நினைக்கும் நிகழ்வு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே சென்சார் வைத்தால் ‘எப்போது’ என்று தெரியும். ‘எங்கே’ என்று தெரிய இரண்டு வேண்டும்: சந்தேகப்படும் பகுதிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே அமைதியாக இருந்து கீழே மட்டும் எழும்பினால், வந்தது இரண்டுக்கும் நடுவே. இரண்டிலும் எழும்பினால் தாமதத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போனால் 5 கிலோமீட்டரைக் கடக்கப் பக்கத்தில் மூன்று மணி நேரம் ஆகும். போகப் போக முகடு தாழ்ந்து, அகலமாகிவிடும். கீழ்ச் சென்சாரில் காலை 5 மணிக்குத் தெரிந்த அகலமான மேடு, மேலே 2 மணிக்கு நடந்த கூர்மையான சம்பவமாக இருக்கலாம்.

மழை வந்தால்தான் இந்த வாசிப்பு உண்மையில் சுவாரசியமாகிறது. பட்டறைக்காரர்களில் சிலர் மழைக்குக் காத்திருந்து கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. கண்ணால் பார்த்தால் எல்லாம் கலங்கல் தண்ணீர், எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் மழைநீரில் உப்பு மிகக் குறைவு. மழை பெய்து மட்டம் ஏறினால் கடத்துதிறன் இறங்க வேண்டும். முதல் மழை தெருவையும் சாக்கடையையும் கழுவிக்கொண்டு வரும்போது கொஞ்ச நேரம் ஏறலாம். அது சீக்கிரம் தணிந்துவிடும். மட்டமும் ஏறி, கடத்துதிறனும் ஏறி, இரண்டும் மணிக்கணக்கில் அப்படியே நின்றால் அது வானத்திலிருந்து வந்த தண்ணீர் இல்லை. மட்டத்தை அளக்காமல் கடத்துதிறனை மட்டும் அளப்பவர்கள் இந்தத் தடயத்தை இழக்கிறார்கள்.

ஈரோட்டுப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால், கசிவுநீர் ஓடைகளில் எல்லாம் சேர்ந்து ஓடும். பெரும்பள்ளம் போன்ற ஓடைகளின் எண் அப்போது தானாகவே தாழும். வாய்க்காலை நிறுத்திய பிறகு ஏறும். யாரும் எதுவும் கூடுதலாகக் கொட்டியிருக்கத் தேவையில்லை. இது தெரியாதவர் வாய்க்கால் நிறுத்திய மாதத்து வரைபடத்தைப் பார்த்து, மாசு இரட்டிப்பானது என்று செய்தி கொடுத்துவிடுவார். ஈரோட்டில் பதிவேடு வைப்பவர்கள் பாசன முறையின் தேதிகளையும் அதிலேயே குறித்துவைக்க வேண்டும்.

மற்ற சென்சார்கள்

கரைந்த ஆக்சிஜன் அளக்கும் சென்சார் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். ஆனால் சாயத்தைவிடச் சாக்கடையே பிரச்சினையாக உள்ள இடத்தில், கோவையின் சங்கனூர் பள்ளம் மாதிரி, அதுதான் உண்மையைச் சொல்லும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். மீன்வளத்துக்குக் குறைந்தது 4 வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் அளவுகோல். பாசி மண்டிய குளத்தில் மதியம் அளந்தால் எண் பிரமாதமாக இருக்கும். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சும். விடிவதற்கு முன்னால் எண் பூஜ்யத்தை நெருங்கியிருக்கும். காலையில் குளத்தில் மீன் செத்து மிதப்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். மதியம் மாதிரி எடுத்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் சென்சாரிலும் இந்தப் பாசி விளையாட்டு உண்டு. மதிய வெயிலில் கார்பன் டை ஆக்சைடை பாசி இழுத்துக்கொள்வதால் பிஎச் 9 வரைகூடப் போகும். பிளீச்சிங் கழிவிலும் காஸ்டிக் சோடா இருப்பதால் பிஎச் ஏறும். பிரித்தறிவது சுலபம்: இரவில் பாசி பிஎச்சை ஏற்றாது.

கலங்கல் சென்சாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பொறியியல் கல்லூரி புராஜெக்டுகளில் அதிகம் புழங்கும் மலிவான சென்சார், வாஷிங் மெஷினில் அழுக்குத் தண்ணீரைக் கண்டுபிடிக்கச் செய்தது. ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்த்துச் சொல்லும். சாயத்தண்ணீரில் நிறமே ஒளியை விழுங்கிவிடக்கூடும். மண் கலங்கல் எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அகச்சிவப்பு ஒளியைப் பக்கவாட்டுச் சிதறலில் அளக்கும் வகை வேண்டும். இல்லையென்றால் வைக்காமலே இருக்கலாம்.

எந்த மலிவு சென்சாராலும் முடியாத பட்டியல் பெரிது. தோல் பதனிடும் ஷாப் கழிவின் குரோமியம், பூச்சிமருந்து, மலக்கிருமி எதற்கும் இவற்றில் வழியில்லை. கழிவின் ஆக்சிஜன் தேவையை, பிஓடி என்கிறோமே, அதை அளக்க இந்தியத் தரமுறைப்படி மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆய்வகம்தான். சென்சார் தட்டி எழுப்பும்; பாட்டிலில் பிடித்துவந்த தண்ணீரை ஆய்வகம் சோதிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு வேலை.

வாளியில் ஓடியது ஓடையில் ஓடுமா

கோவையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ‘ஐஓடி வழியே நீர்த்தரக் கண்காணிப்பு’ என்று எத்தனை புராஜெக்ட் நடக்கிறதோ தெரியாது. மேசைமேல் வாளி, வாளியில் சென்சார், திரையில் வரைபடம், வைவா முடிந்தது. ஓடையில் இறக்கினால் முதல் வாரத்திலேயே சென்சாரின் முனையில் வழவழவென்று பாசியும் சளியும் படியும். சாக்கடை ஓடையில் ஒரு வாரம்கூடத் தாங்காது. எண் மெதுவாகப் பிசகத் தொடங்கும். ஆபத்து என்னவென்றால் அது நின்றுபோகாது, பொய்யான எண்ணைத் தைரியமாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே தன்னார்வலர் குழுவின் உண்மையான வேலை, மின்னணுவியலைவிடக் கழுவும் வேலை. வாரம் ஒருமுறை யாராவது இறங்கி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, கழுவுவதற்கு முன் ஓர் எண், பின் ஓர் எண் குறித்து, எண் முன்பே தெரிந்த 1,413 மைக்ரோசீமன்ஸ் நிலைக்கரைசலில் விட்டுச் சரிபார்க்க வேண்டும். பிஎச் சென்சாருக்கு 4, 7, 10 கரைசல்கள். அதன் முனையைக் காயவிடவே கூடாது, வைப்பதும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில், காய்ச்சி வடித்த தண்ணீரில் இல்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும். காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வரும் நம் ஊரில், 25 டிகிரிக்குத் திருத்தாத எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது.

திருட்டு அடுத்த கவலை. சூரியத் தகடும் மின்கலமும் எளிதாகக் கைக்கு எட்டினால் தங்காது. பாலத்தூணோடு இரும்புக் குழாயைப் பிணைத்து, சென்சாரையும் மின்கலத்தையும் உள்ளே வைப்பது வழக்கம். பாலம் யாருடையதோ அந்தத் துறையிடம், நெடுஞ்சாலையோ நீர்வளமோ ஊராட்சியோ, எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது நல்லது. செல்போன் சிக்னல் கிடைக்காத மலையடிவாரத்தில், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ உதவும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம்.

இந்த மாதிரி வேலை ஊர்க்காரர்களால் ஆகாது என்று நினைக்கத் தேவையில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் குடிநீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்கிறார்கள். குளோரின், நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் அவர்களே நிறம் பார்த்துச் சொல்கிறார்கள். ஓடைக் குழுவை அவர்களிடமிருந்து தொடங்கினால் பாதிப் பயிற்சி மிச்சம்.

வரைபடம் சாட்சியாகுமா

ஆகாது, குறைந்தபட்சம் நேரடியாக ஆகாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரி சட்டச் சான்றாக ஏற்கப்பட வேண்டுமானால் எப்படி எடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. வாரியத்தால் அதிகாரம் பெற்றவர் எடுக்க வேண்டும், ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புத் தர வேண்டும், அவர் கேட்டால் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கருவி ஒன்று தன்பாட்டுக்கு எழுதிய எண்ணுக்கு அந்த அந்தஸ்து கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கும் குழுக்கள் ஆறு மாதத்தில் சலித்துப்போகின்றன.

அதற்காகப் பயனில்லை என்று ஆகிவிடாது. செவ்வாய், வெள்ளி இரவுகளில் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே, இந்தப் பாலத்துக்கும் அந்தப் பாலத்துக்கும் இடையே உப்பு ஏறுகிறது என்று மூன்று மாதப் பதிவோடு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் மனு கொடுத்தால், ‘விசாரிக்கிறோம்’ என்று சொல்லி அனுப்புவது அவருக்கே கஷ்டம். எந்த இரவில் ஆளை அனுப்ப வேண்டும் என்பதுவரை மனுவில் இருக்கிறது. போனார்களா, என்ன எடுத்தார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது; சாட்சியச் சட்டத்தின் விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது என்று அதன் சட்டமே சொல்கிறது. பராமரிப்புப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் வரைபடத்துக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. கழுவிய தேதி, கரைசலில் காட்டிய எண், இறங்கியவர் கையெழுத்து இவை இல்லாத வரைபடத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்தே நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

எச்சரிக்கை வந்த இரவில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராவது. யாருடைய காம்பவுண்டுக்குள்ளும் நுழையக் கூடாது. சுத்தமான லிட்டர் பாட்டிலை ஓடைத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி நிரப்பி, நேரமும் இடமும் எழுதி, படம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து விடிந்ததும் ஆய்வகம். மூடிய சாக்கடைக்குள் எட்டிப்பார்க்கும் வேலையே வேண்டாம். விஷவாயு யாருக்கும் தவணை தராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் இந்தச் சண்டையை விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். இங்கே நிலைமை அப்படியில்லை. தோட்டத்தில் கிணறு கெட்டுப்போனவரின் மச்சான்தான் பட்டறை வைத்திருப்பார். மகன் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். சென்சார் பார்க்கும் குழுவில் இருப்பவருக்கும் சம்பளம் வருவது அந்தத் தொழிலில் இருந்துதான். இதனால் குழு வாயை மூடிக்கொள்ளும் என்று பயப்படலாம். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு வாங்கி ஒழுங்காக நடத்துகிறவருக்கு, ராத்திரி ஓடையில் விட்டுவிட்டுக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துக் கூலி கேட்கிறவர்மேல் விவசாயியைவிட அதிகக் கோபம் இருக்கிறது. ஓடை எண்கள் பொதுவில் இருப்பது அவருக்கும் லாபம். குழுவில் அவரையும் சேர்த்துக்கொண்டால் நிலைக்கரைசல் வாங்கும் செலவுக்காவது ஆள் கிடைக்கும்.

எண்ணை இணையத்தில் போடுவதில் மட்டும் நிதானம் வேண்டும். கருவி காட்டிய எண்ணை அப்படியே போடலாம். அதனருகில் ஒரு பட்டறையின் பெயரைப் போடக் கூடாது. சென்சாருக்குத் தெரியாததைச் சென்சார் பெயரில் சொன்னால் மானநஷ்ட நோட்டீஸ் வரும். அதைவிட மோசமாக, அடுத்த முறை சரியாகச் சொன்னாலும் ஊர் நம்பாது.

பெரும்பாலான இத்தகைய முயற்சிகள் கருவி பழுதாவதால் நிற்பதில்லை, கழுவுகிற ஆள் வேறு ஊருக்கு வேலைக்குப் போவதால் நிற்கின்றன. அதற்கு ஒரே மருந்து பொறுப்பை ஊராட்சியோடு முடிச்சுப் போடுவது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அந்தக் கூட்டத்தில் சென்ற ஆண்டின் வரைபடத்தைத் திரையில் காட்டி, எத்தனை இரவுகளில் உப்பு ஏறியது, மனு கொடுத்ததற்கு என்ன பதில் வந்தது என்று வாசித்து, தீர்மானமாகப் பதிந்து ஆட்சியருக்கு அனுப்பலாம். அடுத்த ஆண்டுக்குக் கழுவ வேண்டியவர்கள் யார், யாருக்கு எந்த வாரம் என்பதையும் அதே கூட்டத்தில் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளலாம்.